யாழ்ப்பாணத்துக்கு உங்கள் சொந்த வரைபடம் வரைவது எப்படி?

இவ்வழிகாட்டி பல்கலைக்கழகப் படிப்புக்கோ உத்தியோகத்துக்கோ யாழ்ப்பாணம் வந்தவர்களுக்கும், வெளிநாட்டில் நீண்டகாலம் இருந்து திரும்பியவர்களுக்கும் உரியது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இது கூடுதலாகத் தேவைப்படும் என்பது என் அபிப்பிராயம். வேண்டிய பொருள்கள் ஒரு பெரிய வெள்ளைத்தாள், பென்சில், சைக்கிள் ஆகிய மூன்றுமே.

முதலில், கைத்தொலைபேசியைப் பாராமல், நினைவில் உள்ள நகரத்தை அரைமணி நேரத்துக்குள் வரையுங்கள். அளவும் திசையும் பிழைத்தாலும் அழிக்க வேண்டாம். வரைந்து முடித்தபின் பார்க்கவேண்டியது நீங்கள் குறித்த இடங்களையல்ல, தாளில் வெறுமையாக விடுபட்ட பகுதிகளையே. நான் முதன்முதலில் வரைந்தபோது நல்லூரும் பலாலி வீதியும் கடைகடையாக நிறைந்திருக்க, பிரதான வீதிக்குத் தெற்கே ஒன்றுமே இருக்கவில்லை. சைக்கிளில் சிறிது நேரத்தில் எட்டக்கூடிய குருநகரும் பாசையூரும் அத்தாளில் இடம்பெறாமைக்குத் தூரம் காரணமல்ல. எங்கள் வீட்டார் யார் யாருடன் பழகினார்கள் என்பதே காரணம். ஆகவே, நகரத்துடன் உறவை விரிக்க விரும்புபவர் அந்த வெறுமையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அடுத்தது பெயர்கள். யாழ்ப்பாணத்தவர் வழி சொல்லும்போது வீதி இலக்கத்தை அரிதாகவே சொல்வார்கள். கோயிலடி, சங்கக்கடையடி, மதவடி என்று ஏதாவதொன்றின் ‘அடி’யைத்தான் சொல்வார்கள். சிவலிங்கப்புளியடி, தட்டாதெருச் சந்தி, முட்டாஸ்கடைச் சந்தி போன்ற பெயர்கள் ஒரு மரத்தையோ தொழிலையோ கடையையோ நினைவில் வைத்திருக்கின்றன. பெயருக்குரிய பொருள் மறைந்த பின்னரும் பெயர் மறைவதில்லை. வெலிங்டன் படமாளிகையில் ஒருநாளும் படம் பார்த்திராத பிள்ளைகளும் வெலிங்டன் சந்தி என்றே சொல்கிறார்கள். இத்தகைய பெயர்களில் கிழமைக்கு ஒன்றைத் தெரிந்தெடுத்து, அவ்விடத்துக்கு நேரில் போய், அப்பெயர் எதனால் வந்தது என்று விசாரித்துத் தாளில் குறியுங்கள். விசாரிப்பதற்கு உகந்த இடம் அந்தந்த ஊர்ச் சனசமூக நிலையம். மாலையில் பத்திரிகை வாசிக்க வரும் முதியவர்களிடம் இருக்கும் விபரம் வேறெங்கும் கிடைக்காது. ஒரே பெயருக்கு மூவர் மூன்று காரணம் சொன்னால் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். ‘இந்த ஊரின் வரலாற்றைச் சொல்லுங்கள், ஐயா’ என்று கேட்டால் மேடைப்பேச்சே பதிலாக வரும். ‘இந்த மூலையில் முந்தி என்ன கடை இருந்தது?’ என்று கேட்டால், கடைக்காரரின் குணம், கடன்கொப்பி, அங்கே விற்ற பல்லிமுட்டாய் இனிப்பு என்று பேச்சு தானாக நீளும். இன்னொன்றையும் மறக்கலாகாது: 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட ஒரு முஸ்லிம் பெரியவரின் சோனகதெருவும், 1995 ஒக்டோபர் 30 இரவு இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த ஒருவரின் ஒழுங்கையும் வெறும் இடப்பெயர்கள் அல்ல. அவர்களாகச் சொல்லும்வரை தோண்டக்கூடாது. பேச்சு நின்றால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வருவதே மரியாதை.

மூன்றாவதாக, ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, கிழமைதோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அங்கே போங்கள். பண்ணைக் கடற்கரை நல்ல தெரிவு. கோட்டையும் முற்றவெளியும் நூலகமும் அருகருகே இருப்பதால் ஒரு மாலைக்குள் பல காலங்களைக் கடந்துவிடலாம். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த அந்நூலகத்தை வெள்ளைக் கட்டடமாக மட்டும் படமெடுத்துத் திரும்புபவர்கள் பலர். உள்ளே போய் ஒரு மேசையில் அமர்ந்து, உங்கள் ஊரைப்பற்றிய சிறப்புமலரொன்றைக் கேட்டு வாசித்தால்தான் அந்நூலகம் உங்கள் தாளில் இடம்பெறத் தகும். பழைய கோயில் மலர்களும் பாடசாலை மலர்களும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் மின்வடிவிலும் நிறைய இருக்கின்றன. ஆயினும் வீட்டிலிருந்து வாசிப்பது சைக்கிள் ஓட்டத்துக்கு ஈடாகாது.

வெயிலைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: காலை ஆறு மணிக்கோ மாலை ஐந்துக்குப் பிறகோ புறப்படுங்கள்.

தாள் நிறைந்ததும் பின்புறத்தில் திகதியை எழுதிச் சுருட்டி வைத்துவிடுங்கள். அடுத்த நல்லூர்க் கொடியேற்றத்தன்று, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு எல்லாரும் நடக்கத் தொடங்கும்போது, பழையதைப் பாராமல் புதிய தாளொன்றில் மறுபடி வரையத் தொடங்குங்கள். இருபத்தைந்து நாள் திருவிழா முடிந்த பின்னரே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.