குரோஷிய சமையல்: கரண்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

குரோஷிய உணவுகளை வீட்டில் செய்து பார்க்கிறவர்களின் தவறுகளில் பாதி, கை சும்மா இருக்காததால் வருவது. மூடியைத் திறப்பது, கிளறுவது, தண்ணீர் விடுவது. அந்நாட்டின் பழைய உணவுகள் பல, அடுப்பில் ஏற்றிவிட்டு விலகி நிற்க வேண்டியவை.

முதலில் பெகா. ஏட்ரியாட்டிக் கடலோரம் உள்ள டால்மேஷியாவின் பெருமை இது. அகலமான தட்டில் ஆட்டிறைச்சியோ ஆக்டோபஸோ வைத்து, உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, மணி வடிவ இரும்பு மூடியால் மூடி, மூடியின் மேலேயே தணலை அள்ளிக் கொட்டுவார்கள். வேக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் ஒரே ஒரு முறை திறந்து, திருப்பிப் போட்டு, கொஞ்சம் வெள்ளை ஒயின் விட்டால் போதும். அடிக்கடி எட்டிப் பார்த்தால் ஆவியெல்லாம் போய்க் கிழங்கு காய்ந்துவிடும்.

ஆக்டோபஸ் பெகாவில் தொடக்கத்திலேயே தண்ணீர் ஊற்றுவது இன்னொரு தவறு. அது தானாகவே நிறைய நீர் விடும். மேலும் ஊற்றினால் சுட்ட மணம் போய், வெறும் வேகவைத்த கறியாகிவிடும். புதிதாகப் பிடித்ததை அப்படியே சமைத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். உறையவைத்து எடுத்தால்தான் தசைநார் தளர்ந்து மென்மையாகும். கடல் உணவில் ஃபிரீசரை நான் சிபாரிசு செய்கிற ஒரே இடம் இதுதான். தணலுக்கு வழியில்லையா? கனமான மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தை 200 டிகிரி ஓவனில் வைக்கலாம். புகை மணம் வராது, சரி, பரவாயில்லை. அங்கே சுற்றுலா போகிறவர்கள் உணவகத்தில் உட்கார்ந்த பிறகு பெகா கேட்காதீர்கள்; சில மணி நேரமாவது முன்பே சொல்லிவைக்க வேண்டும், பல இடங்களில் முந்தின நாளே.

ப்ரோடெட் என்கிற மீன் குழம்பு நமக்குச் சுலபமாகக் கைவரும். மீன் போட்ட பிறகு கரண்டி விடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டும் பழக்கம் நம்மிடமும் உண்டே. ஆனால் ஒரே வகை மீனில் செய்துவிட்டு, சுவை ஏறவில்லை என்று குறைப்படுகிறார்கள். பல வகை மீன் சேர வேண்டும். விலாங்கு போலச் சதை கெட்டியானது முதலில், சீக்கிரம் உடைவது கடைசியில். புளிப்புக்கு வினிகர் அல்லது ஒயின். தொட்டுக்கொள்ளச் சோறு வைக்காமல் மக்காச்சோளக் களி கிண்டுங்கள்.

கிழக்கே ஸ்லவோனியாவிலும் பரன்யாவிலும் ஃபிஷ் பாப்ரிகாஷ் என்று ஆற்று மீன் குழம்பு உண்டு. கெண்டை, கெளுத்தி வகைகளைத் தீயின் மேல் தொங்கும் கொப்பரையில் வேகவைப்பார்கள். அதையும் கிளறுவதில்லை, கொப்பரையைத்தான் சுழற்றுவார்கள். இதில் போடும் பாப்ரிகா, காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்; அதற்குப் பதிலாக அதே அளவு நம் மிளகாய்த்தூளைப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

கரண்டியை விடவே கூடாத உணவும் ஒன்று உண்டு. கணவாய் மையில் செய்யும் கறுப்பு ரிசோட்டோ, அதாவது குழைவான அரிசி உணவு. பழக்கதோஷத்தில் அரிசியை மூன்று தண்ணீரில் கழுவிவிட்டால் குழைவு கொடுக்கும் மாவுச்சத்து போய்விடும். பாஸ்மதியும் உதவாது, குட்டையான உருண்டை அரிசியே வேண்டும்.

பஷ்டிட்சாடாவில் அவசரம்தான் எதிரி. மாட்டிறைச்சியை ஓர் இரவாவது வினிகரில் ஊறவைத்து, மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்க வேண்டும். அதற்கு ஊற்றும் புரோஷெக், உலர்த்திய திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று இத்தாலியின் நுரைக்கும் ஒயினான புரோசெக்கோவை வாங்கி வந்து ஊற்றாதீர்கள். அந்த இனிப்பு கிடைக்காது.

சர்மாவுக்குப் பச்சை முட்டைக்கோஸ் இலை சரிப்படாது. முழுக் கோஸாக உப்புநீரில் புளிக்கவைத்த இலையில்தான் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்ட வேண்டும். இலையிலும் உப்பு, கூடச் சேர்க்கும் புகையிட்ட இறைச்சியிலும் உப்பு. அதனால் வெந்த பிறகு ருசி பார்த்துவிட்டு, தேவையானால் மட்டும் உப்புப் போடுங்கள். மறுநாள் சூடுபண்ணினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால், பெரிய பானையிலேயே வையுங்கள்.