"வாத்தியாருக்கென்ன, அரை நாள் வேலை" என்பவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவது எப்படி?

"வாத்தியாருக்கென்ன, அரை நாள் வேலை, வருஷத்தில் பாதி லீவு, மாசம் பிறந்தால் சம்பளம்" என்று ஒருவர் ஆரம்பித்ததும் நம்மில் பலர் "அது புனிதப் பணிங்க" என்று பதில் சொல்லிவிடுவோம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். புனிதம் என்று சொன்ன அடுத்த நிமிடமே, "அப்புறம் எதற்குச் சம்பளம் பத்தவில்லை என்று கொடி பிடிக்கிறார்கள்?" என்று கேட்பார். குறைவாகக் கொடுப்பவர்களுக்கு இதைவிட வசதியான சாக்கு கிடையாது. பேச்சைக் கணக்குக்கு இழுத்து வாருங்கள்.

முதலில் நேரம். அவர் மனத்தில் இருப்பது வகுப்பில் நின்று பாடம் நடத்தும் நேரம் மட்டும்தான். அதனால் நீங்கள் போடாமல் அவரையே போடச் சொல்லுங்கள்: ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பேர், ஆக 200 விடைத்தாள், தாளுக்கு 6 நிமிடம் (பெரிய கட்டுரை விடைகள் என்றால் பத்தாது) என்று வைத்தாலே 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். இது ஒரே ஒரு தேர்வுக்கு. பாடக்குறிப்பு, மதிப்பெண் பதிவு, பெற்றோரிடம் பேசுவது, மேலிடம் கேட்கும் புள்ளிவிவரம் எல்லாம் தனி. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2018இல் ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் ஆய்வில் நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் சொன்ன வேலை நேரம் சராசரியாக வாரத்துக்கு 38.8 மணி, அதில் பாடம் நடத்தியது 20.6 மணிதான். ஜப்பானில் 56 மணி நேர வாரத்தில் பாடம் நடத்தியது வெறும் 18 மணி. வெளியில் இருந்து பார்க்கிறவர் கண்ணில் படுவது அந்த 18 மட்டுமே.

லீவு விஷயத்தில் மட்டும் மல்லுக்கு நிற்காதீர்கள். மற்ற பல வேலைகளைவிட லீவு அதிகம்தான், அதை மறுத்தால் நீங்கள் சொன்ன மீதியையும் நம்ப மாட்டார். ஒப்புக்கொண்டு, ஆண்டுச் சம்பளத்தை ஆண்டு முழுக்க வேலை பார்த்த மொத்த மணி நேரத்தால் வகுக்கச் சொல்லுங்கள், லீவும் அதிலேயே கழிந்துவிடும். அமெரிக்காவில் பல இடங்களில் ஒப்பந்தமே சுமார் பத்து மாதத்துக்குத்தான், அந்தச் சம்பளத்தையே பன்னிரண்டாகப் பிரித்துத் தருகிறார்கள். லீவுக்குச் சும்மா கொடுப்பதாகத் தெரிவது ஏற்கெனவே சம்பாதித்த காசு.

அடுத்தது "லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள்" என்ற பேச்சு. இங்கேதான் ஏமாற்று அதிகம். "எந்த ஆசிரியர், எத்தனை வருட சர்வீஸ்?" என்று கேளுங்கள். ஓய்வு பெறப் போகிற நிரந்தரப் பணியாளரின் தொகையை எடுத்து, நேற்றுச் சேர்ந்தவர், ஒப்பந்தத்தில் இருப்பவர், தனியார் பள்ளியில் இருப்பவர் என எல்லார் தலையிலும் ஒட்டிவிடுவார்கள். ஒப்பிடுவதென்றால் அதே படிப்பு, அதே அனுபவம் உள்ள வேறு வேலைக்காரரோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் (இபிஐ) என்ற ஆய்வு அமைப்பு அப்படித்தான் செய்கிறது: 2022இல் அரசுப் பள்ளி ஆசிரியரின் வாரச் சம்பளம், மற்ற பட்டதாரிகளைவிட சுமார் 26 சதவீதம் குறைவு. ஓய்வூதியம், காப்பீடு போன்ற சலுகைகளையும் சேர்த்தால் இடைவெளி 17 சதவீதம். இரண்டு எண்ணையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பெரிய எண்ணை மட்டும் சொல்லி, சின்னதை அவர் தேடிப் பிடித்தால் ஆட்டம் முடிந்தது.

கடைசியில் எப்படியும் "கட்டுப்படி ஆகாவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று வரும். போகிறார்கள் என்று சொல்லுங்கள். யுனெஸ்கோ கணக்குப்படி உலக அளவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் 2015இல் சுமார் 4.6 சதவீதம், 2022இல் அது 9 சதவீதம். 2030க்குள் இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்றும் அதே கணக்கு சொல்கிறது. அவ்வளவு பேரை என்ன சம்பளம் கொடுத்துக் கூப்பிடுவது என்று இந்தமுறை நீங்கள் கேளுங்கள்.