படகை இறக்கும் முன் வாசலில் ஒரு ஒத்திகை

சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் சேலத்தில் வைத்திருக்கிறீர்களா? தண்ணீருக்குக் கொண்டுபோகும் முன் வீட்டு வாசலிலேயே பாய்மரம், பாய், கயிறு எல்லாம் மாட்டி ஒருமுறை முழுதாகக் கட்டிப் பாருங்கள். சென்னைக் கடற்கரை சுமார் 340 கிலோமீட்டர். அங்கே போய் ஒரு கொக்கி குறைகிறது என்றால் அன்றைய நாளே போச்சு.

முதலில் அண்ணாந்து பாருங்கள். லேசர் எனும் ஒருவர் ஓட்டும் சின்னப் படகின் பாய்மரம் 6 மீட்டருக்கு மேல் உயரும், அதுவும் பெரும்பாலும் மின்சாரம் கடத்தும் அலுமினியம். நம் தெருக்களில் மின்கம்பி இல்லாத இடம் அபூர்வம். கம்பி பக்கத்தில் இருந்தால் பாய்மரத்தை நிமிர்த்தவே வேண்டாம், வெட்டவெளிக்குப் போய்விடுங்கள். கரையிலும் இதே கவனம் வேண்டும்.

படகின் மூக்கு காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். அப்போதுதான் பாய் காற்றைப் பிடிக்காமல் சும்மா படபடக்கும், படகும் கவிழாது. பாயை இழுக்கும் கயிற்றின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு பலத்த காற்றில் கயிறு கப்பியை விட்டு உருவிக்கொண்டு ஓடிவிடும்.

அப்புறம் படகைத் திருப்பும் சுக்கான். மாட்டியதும் மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், கழன்று வரக்கூடாது. தண்ணீர் வடியும் துளைக்கான அடைப்பானைத் திருகிவிட்டுத்தான் படகைத் தள்ள வேண்டும்.