சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மதுரைப் பக்கம் சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்களிடம் கணக்குக் கேட்டால் அச்சுக்கூலி, அட்டை, வெளியீட்டு விழா மண்டபம், பொன்னாடை, ஃப்ளெக்ஸ் என்று வரிசையாக வரும். மெய்ப்புப் பார்க்கும், அதாவது அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்தும் செலவு மட்டும் அதில் இருக்காது. என்னைக் கேட்டால் விழாவைச் சுருக்கியாவது முதலில் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

எழுதியவரே மெய்ப்புப் பார்த்தால் தாளில் இருப்பதைக் கண் படிக்காது, மனதில் இருப்பதைப் படித்துக்கொண்டு போகும். இலக்கணம் தெரிந்த இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றியிருந்தால் இன்னும் கவனம் தேவை. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும், மேற்கோள் குறி வேறு ஏதோ எழுத்தாகியிருக்கும். திரையில் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துப் படியுங்கள். திருத்திய பிறகு வரும் இரண்டாம் மெய்ப்பையும் விடக்கூடாது. ஒரு வரியைத் திருத்தப் போய் அடுத்த வரி கலைவது கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபியில் சகஜம்.

நம்மூர்க் கதைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உசிலம்பட்டிக்காரர் ஒருவர் கதையில் 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்று பேசுகிறார். மெய்ப்பாளர் அதைப் பிழை என்று நினைத்து 'வந்தார்கள்' ஆக்கிவிடுவார். அவர் தொடாவிட்டாலும், பத்துப் பக்கம் தள்ளி நாமே அதே ஆளை 'வந்தாங்க' என்று பேச வைத்திருப்போம். யார் எப்படிப் பேசுவார், எந்தச் சொல்லில் கைவைக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிப் பிரதியோடு கொடுத்துவிடுங்கள். வட்டார வழக்கு உரையாடலில் மட்டுமா, கதைசொல்லும் நடையிலுமா என்பது உங்கள் விருப்பம். எடுத்த முடிவு கடைசி அத்தியாயம் வரை நிற்க வேண்டும். பேச்சு தடுமாறினால் அந்த ஆளை வாசகர் நம்பமாட்டார்.

அடுத்தது பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தம். பணத்தையும் நாமே கட்டி உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் கொள்ளப்படும். 'முழுக் காலத்துக்கும்' என்ற சொல் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். பக்கம் வடிவமைத்த மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மறுபதிப்புக்கு முதலிலிருந்து செலவு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.

சிவகாசி பக்கத்தில் இருக்கிறது, ஆயிரம் போட்டால் ஒரு பிரதியின் அடக்கம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். விற்காத கட்டுகள் பரண் ஏறினால் அந்தக் குறைவு எதற்கு? டிஜிட்டல் அச்சில் 50, 100 போட்டுப் பார்த்துவிட்டு மேலே போகலாம். விலையில் கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் கழிவையும் சேர்த்து யோசியுங்கள். அடக்கம் 100 ரூபாய், விலை 150 என்று வைத்தால், 40 சதவீதக் கழிவு போக 90தான் கைக்கு வரும்.

அமேசான் கிண்டிலில் மின்னூல் போடும்போது 'கேடிபி செலக்ட்' என்ற கட்டத்தைப் படிக்காமல் டிக் செய்கிறார்கள். அதில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் போடக்கூடாது. அதே நாவலைப் பிரதிலிபி என்ற இணையதளத்தில் தொடராக விட்டிருந்தால் விதிமீறல். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது.

நீங்களே பதிப்பாளர் என்றால் நூலகங்களுக்குப் பிரதி கொடுப்பது பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும்.

விற்பனைக்கு மதுரைத் தமுக்கத்துப் புத்தகத் திருவிழாவை நம்பியிருப்பவர்கள், திருவிழா தொடங்கிய பிறகு பையோடு ஒவ்வொரு அரங்காக ஏறி இறங்குகிறார்கள். அந்நேரம் பேசவே கடைக்காரருக்குப் பொழுதிருக்காது. உங்கள் வகைப் புத்தகம் விற்கிற ஒருவரிடம் ஒரு மாதம் முன்பே பேசி, எத்தனை பிரதி, எத்தனை சதவீதம் கழிவு, விற்காததை என்றைக்குத் திருப்பி எடுப்பது என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.