ஹெட்லைட் போட்டால் மட்டும் மினுக்காத இண்டிகேட்டர்

பழைய காரில் இடது இண்டிகேட்டர் பகலில் ஒழுங்காக மினுக்கும். ஹெட்லைட் போட்டதும் மினுக்காமல் மங்கலாக எரிந்துகொண்டே நிற்கும். இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பிளாஷரை மாற்றினேன், 21 வாட் பல்பை மாற்றினேன், ஸ்டீயரிங் அடியிலுள்ள சுவிட்சைக் கழற்றித் துடைத்தேன். ம்ஹூம்.

துப்பு கிடைத்தது பின்னால் நின்று பார்த்தபோதுதான். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் அந்த இண்டிகேட்டரும் லேசாக எரிந்தது. எர்த், அதாவது கரண்டு பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை, சரியில்லாவிட்டால் கரண்டு இப்படித்தான் பக்கத்துப் பல்பு வழியாகப் புகுந்து போகும். விளக்கு எரியும்போது அதன் கூட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன்: 4 வோல்ட்! பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது. கூட்டைப் பிடிக்கும் திருகுக்கு அடியில் புது பெயிண்ட்; அதுதான் கரண்டைத் தடுத்திருக்கிறது.

உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்துவிட்டேன். அப்பாடா! பழைய பிளாஷர் சூட்டில் இயங்குவது, கரண்டு குறைந்தால் துடிக்காது. அதில் பழுதே இல்லை. அதையே திரும்ப மாட்டிவிட்டேன்.