ராணுவச் சேவை முடியப் போகிறதா? கோலாலம்பூரில் இருப்பவர் எங்கிருந்து தொடங்குவது

பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து 21 ஆண்டு சேவையை முடிப்பவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டுக் கடன் பாதிகூடக் கட்டி முடிந்திருக்காது. சாதாரணப் படைவீரருக்கு 21 ஆண்டு முடிந்தால் பென்ஷன் உண்டு. ஆனால் செந்தூலிலோ பத்துகேவ்ஸிலோ வாடகை கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்க அது போதாது. அடுத்த வேலை வேண்டும்.

அரசாங்க உதவி நிறையவே இருக்கிறது. அதில் பெரும்பகுதியைச் சீருடையில் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும், அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. கடைசி மாதம் வரை பொறுத்திருந்து, கேம்ப் வாசலைத் தாண்டிய பிறகு ஓடுபவருக்குப் பயிற்சியும் போய்விடும், பாதித் தாள்களும் கைக்கு வராது. அதனால் ஓராண்டுக்கு முன்பே ஆரம்பியுங்கள்.

படி 1: எந்தக் கதவு எதற்கு

மூன்று பெயர்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஜே.எச்.இ.வி. என்பது தற்காப்பு அமைச்சின் கீழ் இருக்கும் முன்னாள் படைவீரர் விவகார இலாகா. ராணுவ பென்ஷன், முன்னாள் வீரர் அட்டை, மருத்துவ உதவி, நலநிதி எல்லாம் அங்கேதான். அரசு ஊழியர்களின் பென்ஷனைப் பார்க்கும் பொதுச் சேவை இலாகாவுக்குப் போய் வரிசையில் நிற்காதீர்கள், ராணுவ பென்ஷன் அங்கே இல்லை. பெர்ஹெபாட் சுங்கை பூலோவில் இருக்கிறது. தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு, சொந்தத் தொழில் ஆகியவை அதன் பொறுப்பு. எல்.டி.ஏ.டி. என்பது படையினரின் சேமநிதி, வெளியில் இருப்பவர்களுக்கு இ.பி.எஃப். எப்படியோ அப்படி.

படி 2: தாள்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், ராணுவப் பதிவில் இன்னொன்று, மனைவியின் ஐசியில் (அடையாள அட்டையில்) வேறொன்று. சுப்ரமணியம் என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சேவையில் இருக்கும்போதே உங்கள் யூனிட் ஆபீஸில் சொல்லித் திருத்துங்கள். வெளியே வந்த பிறகு அதே வேலைக்கு ஒவ்வோர் அலுவலகமாக ஏற வேண்டும்.

அடுத்தது திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியது ஊரறிந்த கல்யாணம்தான், ஆனால் சட்டம் கேட்பது பதிவுச் சான்றிதழை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு மனைவிக்குப் போகும் பென்ஷன் இந்தச் சான்றிதழில்தான் தொங்குகிறது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் அதே கோப்பில் வையுங்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டிவிடுங்கள்.

பிறகு ஐசி. சேவையில் இருக்கும்வரை உங்கள் கையில் இருப்பது படையினருக்கான மைதெந்தரா அட்டை. சேவை முடிந்ததும் விடுவிப்புக் கடிதத்துடன் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் பொதுமக்களுக்கான மைகார்டு எடுக்க வேண்டும்.  புது அட்டை கிடைத்த கையோடு பேங்க், கைப்பேசி, காப்புறுதி மூன்றையும் சரிபாருங்கள். ராணுவ எண்ணில் திறந்த கணக்கு ஏதாவது இருந்தால் ஐசி எண்ணுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பணம் வரும் நாளில்தான் சிக்கல் தெரியும்.

ராணுவ வண்டி ஓட்டியவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவில் ராணுவ லைசன்ஸைப் பொது லைசன்ஸாக மாற்றலாம். அதற்கென்றே தனி விண்ணப்பம் இருக்கிறது. லாரி ஓட்டத் தெரிந்தவருக்கு இது சோறு போடும் தாள்.

படி 3: கைக்கு வரும் பணம்

பென்ஷனுடன் சேவைப் பணிக்கொடையும், எடுக்காத விடுப்புக்கு ஈடான தொகையும் உண்டு. விடுப்புக் கணக்கு சரியாக ஏறியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

எல்.டி.ஏ.டி.யில் படைவீரரின் பங்கு சம்பளத்தில் 10 விழுக்காடு, அரசாங்கத்தின் பங்கு 15 விழுக்காடு. பென்ஷன் இல்லாமல் வெளியேறுபவருக்கு இரண்டும் கிடைக்கும். பென்ஷன் பெறுபவருக்குக் கிடைப்பது அவர் போட்ட பங்கும் அதற்கான லாபமும்தான், அரசாங்கப் பங்கு பென்ஷன் நிதிக்குப் போய்விடும். இதை அறியாமல் மொத்தத் தொகையை மனதில் வைத்து வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

பெரிய தொகை வருகிறது என்ற வாசம் சிலருக்கு எப்படித்தான் எட்டுமோ, மாமன் மச்சான் வழியாகவே முதலீட்டுத் திட்டம் வீடு தேடி வரும். பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. அதில் பெயர் இருக்கிறதா என்று தேடாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பட்டியலில் இல்லை என்பதற்காகவும் உடனே நம்பிவிட வேண்டாம்.

படி 4: பயிற்சி

பெர்ஹெபாட்டின் மாறுகாலப் பயிற்சி சேவையின் கடைசி மாதங்களில் நடக்கிறது. ராணுவச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு தொழிலைக் கற்கலாம். வாகனப் பழுது, குளிர்சாதனம், வெல்டிங், சமையல் என்று பல வகை. நண்பன் சேர்ந்தான் என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கப் போகும் இடத்தில் எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பினாங்குக்குத் திரும்புபவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் பராமரிப்பு வேலை பொருந்தலாம். கோலாலம்பூரில் கட்டடப் பராமரிப்புக்கும் குளிர்சாதனத்துக்கும் வேலை ஓய்வதில்லை.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. படையில் பதினைந்து ஆண்டு இன்ஜின் பிரித்தவர் மறுபடியும் வகுப்பில் உட்காரத் தேவையில்லை. திறன் மேம்பாட்டு இலாகாவின் பி.பி.டி. முறை, அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் தருகிறது. செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும்: பயிற்சிச் சான்றிதழ்கள், பணி ஆணைகள், மேலதிகாரியின் கையொப்பம், படங்கள். படங்களில் மட்டும் கவனம். ஆயுதமோ கேம்ப் உட்புறமோ தெரியும் எதையும் சேர்க்காதீர்கள், 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் சேவை முடிந்தவரையும் விடாது. மேலதிகாரியின் கையொப்பத்தை அவர் இடமாற்றம் ஆகும் முன் வாங்கிவிடுங்கள்.

மேற்படிப்பு ஆசை இருந்தால் ஏ.பி.இ.எல். முறையில் வேலை அனுபவத்தைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். பட்டப்படிப்புக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

படி 5: வேலை தேடுதல்

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் இலவசமாகப் பதியலாம். வேலை இழந்தவர்களுக்கு சொக்சோ தரும் உதவித்தொகையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது அந்தக் காப்புறுதிக்குச் சந்தா கட்டியவர்களுக்கானது, படையில் அதற்குப் பிடித்தம் கிடையாது. புது வேலையில் இ.பி.எஃப்., சொக்சோ இரண்டுக்கும் முதல் மாதத்திலிருந்தே பணம் பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

சுயவிவரத்தில் "சார்ஜன், ஸ்டோர் பிரிவு" என்று மட்டும் எழுதினால் கம்பெனி எச்.ஆருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை பேரை மேய்த்தீர்கள், என்ன பொருள் உங்கள் பொறுப்பில் இருந்தது, கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்று எழுதுங்கள். ஷா ஆலாம் கிடங்குகளில் தேடுவது அந்த ஆளைத்தான்.

செக்யூரிட்டி வேலை எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும், முதலில் கிடைப்பதும் அதுதான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் பயிற்சியையும் திறன் சான்றிதழையும் முடித்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள். 12 மணி நேர ஷிப்டில் ஒருமுறை சேர்ந்துவிட்டால், சுங்கை பூலோ வகுப்புக்கோ நேர்முகத் தேர்வுக்கோ யாரும் லீவு தர மாட்டார்கள்.