மழை ஊரில் ஜாஸ் தட்டு சேர்க்கிறவர்களுக்கு

வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர் நம்முடையது. தென்மேற்கு அடித்து ஓய்ந்து துணி காய்வதற்குள் ஐப்பசி பிறந்து வடகிழக்கு வந்துவிடும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ, எல்லையைத் தாண்டிப் பாறசாலையிலோ இருந்துகொண்டு ஜாஸ் இசைத்தட்டு சேர்க்க ஆசைப்பட்டால், காய்ந்த ஊர்க்காரர்கள் சொல்கிற யோசனைகளில் பாதியை ஓரமாக வைத்துவிடலாம். முதல் பதிப்பு, அரிய பதிப்பு என்று அவர்கள் பேசுவார்கள். இங்கே பூஞ்சை பிடிக்காத தட்டுதான் உயர்ந்த தட்டு. குறைவாக வாங்குங்கள், வாங்கியதை அடிக்கடி எடுத்துப் போட்டுக் கேளுங்கள். அலமாரியில் பூட்டிவைக்கிற தட்டைத்தான் ஈரம் முதலில் பிடிக்கும்.

ஜாஸ் புரியாதே என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். பள்ளித் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் பேண்ட் செட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. டிரம்பெட், கிளாரினெட், டிரம்ஸ் எல்லாம் நம் காதுக்குப் பழைய சத்தம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் வளர்ந்ததிலும், ஊர்வலத்துக்கும் சாவுக்கும் வாசித்துக்கொண்டு போன பித்தளைக் குழல் கோஷ்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. டிரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை ஹாட் ஃபைவ், ஹாட் செவன் கோஷ்டிகளோடு பதிவு செய்தவற்றைக் கேட்டால் அந்த உறவு உடனே பிடிபடும். முதலில் போனிலேயே கேளுங்கள், காசு கொடுக்க வேண்டாம். மூன்று தடவை கேட்ட பிறகும் திரும்பப் போடச் சொல்லி மனசு கேட்டால் அந்தத் தட்டை வாங்குங்கள்.

கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்கு வேறு வாசல்களும் இருக்கின்றன. பியானோக்காரர் டேவ் புரூபெக் கோஷ்டியின் 1959 தட்டான 'டைம் அவுட்'டில் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் போகும். கண்ட சாப்பை 2+3 என்று போட்டுப் பழகிய கை, இதில் 3+2 என்று விழுவதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், ஆனால் அந்தத் தேடல் நல்ல பொழுதுபோக்கு. கிட்டார்க்காரர் ஜான் மெக்லாஃப்ளினின் 'சக்தி' கோஷ்டியின் முதல் தட்டு 1976இல் வந்தது, அதில் கடம் நம்ம விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாடு ராகவன். ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' 1971. அந்தத் தலைப்பில் இருக்கிற சுவாமி சச்சிதானந்தா பிறந்தது கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் என்பது அங்கே உள்ள எத்தனை பேருக்குத் தெரியுமோ! தம்புரா சுருதியில் ஹார்ப் போகிற தட்டு அது. மழை ராத்திரிக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

கேட்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எல்பி என்கிற பெரிய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் ஒரே வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள், அதுவும் பேஸ், அதாவது கனத்த அடிக் குரலில் ஒலிக்கிற பெரிய தந்தி வாத்தியம். முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டைச் சொல்வார்கள், பிறகு ஆளுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டு விரித்து வாசிப்பார்கள், கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பேஸ் வாசிக்கிறவர் அத்தனை நேரமும் அடியில் நடந்துகொண்டே இருப்பார், அவரைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போனாலும் நீங்கள் தொலைய மாட்டீர்கள்.

சரி, மெஷின். சூட்கேஸ் மாதிரி மடக்குகிற மலிவு பிளேயர்கள் ஆன்லைனில் கொட்டிக்கிடக்கின்றன, வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பகுதி), ஊசி தட்டின் மேல் ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தும். ஓரளவு நல்ல மேக்னெட் கார்ட்ரிட்ஜ் சுமார் இரண்டு, மூன்று கிராமோடு நின்றுகொள்ளும். ஆரம்பத்துக்கு ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் போதும், ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ப்ரீஆம்ப் எதற்கு என்றால், தட்டு வெட்டும்போதே அடிச் சத்தத்தைக் குறைத்து, மேல் சத்தத்தைக் கூட்டி வெட்டுகிறார்கள், கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ப்ரீஆம்ப் இல்லாமல் நேராக ஸ்பீக்கரில் சொருகினால் தகர டப்பாச் சத்தம்தான் வரும். ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள், அதிர்வு ஊசிக்குப் போய்விடும்.

வளைகுடாவிலிருந்து வந்த பழைய பிளேயர் இங்கே பல வீட்டுப் பரணில் கிடக்கிறது, மலிவாகவும் கிடைக்கும். ஆனால் சவுதியிலிருந்து வந்தது என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. மின்சார அதிர்வெண்ணை நம்பிச் சுழலும் பழைய ஏசி மோட்டார் என்றால் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிஷத்துக்கு 33க்கும் கொஞ்சம் மேல் சுற்ற வேண்டிய தட்டு 28கூடச் சுற்றாது, சாக்ஸஃபோன் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போலிருக்கும். சிலவற்றில் 50க்கு மாற்ற வேறு கப்பி உண்டு. டிசி மோட்டார் உள்ளவற்றில் வேகத் தொல்லை கிடையாது. ஆனால் வோல்டேஜ் 220க்குப் பொருந்துகிறதா என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள்.

வாங்கும் இடம் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். ஆக்கர் கடைகளிலும் (காயலான் கடை) திருவனந்தபுரத்தில் சாலை பஜார் பக்கத்துப் பழைய சாமான்களிலும் தேடினால் சினிமாப் பாட்டும் கிறிஸ்தவப் பாட்டும்தான் அதிகம் கைக்கு வரும். ஜாஸ் எப்போதாவது வரும். கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான ஆங்கிலத் தட்டுகளில் தேடுங்கள், தோட்டத்துப் பங்களாக்கள் காலியாகும்போதும் விசாரித்து வையுங்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய தட்டு (78 ஆர்பிஎம்) கிடைத்தால் எல்பி ஊசியில் போடாதீர்கள், அதன் பள்ளம் அகலம், வேறு ஊசி வேண்டும்.

பழைய தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் பரவாயில்லை, நகத்தை மெல்ல வைத்தால் தட்டுகிற கீறல் என்றால் ஊசியும் அங்கே குதிக்கும். வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சை, பெரும்பாலும் கழுவினால் போகும். வளைந்த தட்டை விட்டுவிடுங்கள். ஆன்லைனில் தரக் குறியாக விஜி பிளஸ் (வெரி குட் பிளஸ்) என்று போட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம், விஜி என்று மட்டும் போட்டிருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை, நன்றாகவே இரையும். தட்டை அட்டைக்கு வெளியே தனி உறையில் வைத்துப் பேக் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

பழைய பதிப்புதான் நல்ல பதிப்பு என்ற பேச்சுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் வந்தது. மார்ச் 2 பதிவில் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், பிறகு சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் தட்டில் சற்றே சுருதி ஏறி ஒலித்தன. 1992இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆக, லட்ச ரூபாய் முதல் பதிப்பில் தவறான சுருதி, இன்றைய மறுபதிப்பில் சரியான சுருதி. மறுபதிப்புகளில் ப்ளூ நோட் கம்பெனியின் டோன் போயட் வரிசையையும் ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையையும் நம்பி வாங்கலாம். 180 கிராம் என்ற முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள், கனம் வேறு, சத்தம் வேறு. ஐரோப்பாவில் 1962 வரை வெளிவந்த பதிவுகளுக்கு ஒலிப்பதிவு உரிமை காலாவதியாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மூல டேப்பைக் கண்ணால் பார்க்காதவர்களும் அச்சிடுகிறார்கள். பழைய ப்ளூ நோட் கையில் கிடைத்தால், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதில் ஆர்விஜி அல்லது வான் கெல்டர் என்று இருக்கிறதா பாருங்கள். பதிவுப் பொறியாளர் ரூடி வான் கெல்டர் தன் கையால் வெட்டியதற்கு அடையாளம் அது.

இனி ஈரம். வந்த தட்டைக் கழுவாமல் போடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒன்றிரண்டு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் வட்டத்தோடு சேர்ந்து துடையுங்கள், குறுக்கே போகாதீர்கள், லேபிள் நனையக் கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசல். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பு பள்ளத்தில் தங்கிவிடும். 78 தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, அது செய்யப்பட்ட ஷெல்லாக் (அரக்கு) கரையும். பாத்திர ஸ்டாண்டில் நிறுத்திக் காயவிடுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு தட்டைத் தொடுகிற பழக்கத்தை வீட்டில் எல்லாருக்கும் தடை செய்யுங்கள். ஓரத்தையும் லேபிளையும் மட்டும் பிடிக்க வேண்டும்.

பூஞ்சை பிடித்த பழைய காகித உள்ளுறையைத் தூக்கி எறியுங்கள், கழுவிய தட்டை அதிலேயே திரும்பப் போட்டால் கழுவியது வீண். பழைய கெட்டி பிவிசி உறையும் தட்டின் மேல் பனி மாதிரி படலம் விடும், கழற்றிவிடுங்கள். அடுக்குவது எப்போதும் நேர்நிலையாக, சாய்த்தும் படுக்கவைத்தும் வேண்டாம். நூறு தட்டு இருபத்தைந்து கிலோவுக்குப் பக்கம் வரும், மெல்லிய ஒட்டுப்பலகை அலமாரி தாங்காது, பலாவோ தேக்கோ போடுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவரை விட்டு நாலு விரற்கடையாவது தள்ளியிருக்கட்டும், கரையான் ஏறுவது அந்தச் சுவர் வழியாகத்தான், ராமபாணப் பூச்சி அட்டையைத் தின்பதும் அங்கேதான். வெயில் எட்டிப்பார்த்த நாளில் கதவைத் திறந்து ஃபேன் போடுங்கள், ஆனால் தட்டை வெயிலில் வைக்கக் கூடாது, காரிலும் விட்டுவைக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும், மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்தினால்.

ஊசி சுமார் 400 மணி நேரம் உழைக்கும். தினம் ஒரு தட்டு கேட்கிறவருக்கு ஒன்றரை வருஷம். ஸ, ஷ சத்தங்கள் கரகரவென்று வர ஆரம்பித்தால் காத்திருக்காமல் மாற்றுங்கள், தேய்ந்த ஊசி தட்டையே உழுதுவிடும். இந்தப் பக்கத்துக் கடைகளில் தேடி அலைவதைவிட, மெஷின் வாங்கும்போதே கூட ஒரு ஊசியையும் ஆர்டர் போட்டுவிடுங்கள்.